பி.டி. சார்களுக்கு ஓர் அம்மாவின் மடல்

பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் கபடிப் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

என் மகன் போன வருடம் ஒன்பதாம் வகுப்பு. குறுவட்டப் போட்டியில் ரெய்டு போனவனை இரண்டு பேர் சேர்ந்து மடக்க, பின்மண்டை தரையில் மோதியது. மயக்கம் போடவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், இரண்டாவது பாதியும் ஆடினான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன், "நாங்க ஜெயிச்சோமாம்மா?" என்று என்னிடம் மூன்று தடவை கேட்டான்.

ஸ்கேன் நார்மல். அந்தச் சொல்லை நம்பித்தான் நான்காம் நாள் பள்ளிக்கும் பயிற்சிக்கும் அனுப்பினோம். அன்றிரவு கணக்கு நோட்டைத் திறந்தவன், "எழுத்தெல்லாம் நகருதும்மா" என்று மூடி வைத்தான். குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொண்டான். மறுபடி டாக்டரிடம் ஓடினோம். இது கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி. ரத்தக்கசிவு, எலும்பு முறிவு இருந்தால் ஸ்கேனில் தெரியும், இது தெரியாது என்றார். மயக்கம் போட்டால்தான் அடி பலம் என்று நான் நினைத்திருந்ததும் தப்பு.

முதல் இரண்டு நாள் ஓய்வு, மொபைலும் டிவியும் குறைவு. அதற்காக இருட்டறையில் படுக்க வைக்கத் தேவையில்லை; அப்புறம் மெல்ல நடக்கலாம். முதலில் அரைநாள் பள்ளி, பிறகு முழுநாள். படிப்பு பழையபடி வந்த பிறகுதான் மற்றவர்கள் மேலே மோதும் ஆட்டம். அதற்கு முன்னால் ஓட்டம், தனிப் பயிற்சி, டாக்டரின் அனுமதி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். தலைவலி கூடினால் ஒரு படி கீழே. பிள்ளைகளுக்கு நான்கு வாரம் வரை ஆவது சகஜம். என் மகனுக்கு ஐந்து வாரம் ஆனது.

2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டது. நம்ம சேலத்து நடராஜன் முதன்முதலாக இந்தியாவுக்கு டி20 ஆடிய ஆட்டம் அது. ஜடேஜாவுக்குப் பதில் சாஹல் பந்து வீசினார். தொடரின் மற்ற ஆட்டங்களிலும் ஜடேஜா இல்லை. இந்திய அணி வீரருக்கே அந்தக் கவனிப்பு என்றால், மண் தரையில் விழுகிற பதினான்கு வயதுப் பிள்ளைக்கு?

தலையில் அடிபட்டால் அன்றைக்கு உட்கார வைத்துவிடுங்கள் சார். அவனைக் கேட்காதீர்கள், டீமிலிருந்து எடுத்துவிடுவீர்களோ என்ற பயத்தில் "நல்லா இருக்கேன் சார்" என்றுதான் சொல்வான். ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால், அபூர்வமாக என்றாலும், மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், இதில் எது வந்தாலும் உடனே 108. வகுப்பாசிரியருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், தேர்வு நேரத்தில் அவன் திட்டு வாங்க வேண்டாம்.

குறுவட்டப் போட்டி மறுபடி வருகிறது. அவன் ஆடுவான், நானேதான் அனுப்புகிறேன். விழுந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள் சார். ஆட்டம் பாதியில் இருந்தாலும் பரவாயில்லை, வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ரெய்டரின் அம்மா