சந்தேகத்தின் காரணத்தை எழுதித் தாருங்கள்: சுங்க வாரியத்துக்கு நீலகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கோத்தகிரி பக்கம் சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் கணக்கு பார்க்கிறேன். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். சுங்க வரியைக் கணக்கிட இறக்குமதி செய்தவர் காட்டிய விலையில் அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால், அதற்கான காரணத்தை முதல் கேள்வியோடு சேர்த்தே எழுத்தில் தர வேண்டும். நாங்கள் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது.

தூளில் கலந்துவரும் நாரையும் காம்பையும் பிரிக்கும் கலர் சார்ட்டர் ஒன்றை வெளிநாட்டு உற்பத்தியாளரிடம் நேரடியாக வாங்கினோம். புது மாடல் வந்துவிட்டதால், கிடங்கில் நின்ற பழைய மாடலை அவர் நல்ல தள்ளுபடிக்குக் கொடுத்தார். பணம் முழுவதும் வங்கி வழியாகவே போனது. துறைமுகத்துக்கு இயந்திரம் வந்ததும், விலை குறைவாகத் தெரிகிறது, விளக்கம் தரவும் என்று ஒற்றை வரியில் கேள்வி வந்தது. எதோடு ஒப்பிட்டால் குறைவு என்ற விவரம் அதில் இல்லை. இன்வாய்ஸ், வங்கிச் சான்று, விலை பேசிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் கொடுத்தோம். கேள்வி மட்டும் அப்படியே நின்றது. அதே கம்பெனியின், சேனல் அதிகமுள்ள புது மாடலோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்பது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு மாடல்களின் கேட்டலாக்கையும் அனுப்பி ஒரே நாளில் பதில் சொல்லியிருப்போம்.

கிளியரிங் ஏஜென்ட் நல்ல மனிதர். "அவங்க கூட்டின மதிப்பை ஒத்துக்கிறோம்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க சார், நாளைக்கே எடுத்துடலாம். இல்லேன்னா டெமரேஜ் ஏறிக்கிட்டே போகும்" என்றார். சரக்கு துறைமுகத்தில் தங்கும் நாளுக்கான கட்டணத்தைத்தான் சொன்னார். இலை வரத்து உச்சத்தில் இருந்த நேரம். கொடுத்தோம்.

அந்த ஒரு தாளில் எவ்வளவு போய்விடுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 17(5) பிரிவுப்படி, மறுமதிப்பீடு செய்த அதிகாரி 15 நாளுக்குள் காரணம் விளக்கி ஆணை தர வேண்டும். இறக்குமதியாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டால் அந்தக் கடமை இல்லை. ஆணை இல்லாமல் மேல்முறையீட்டில் எதை எதிர்த்து வாதிடுவது? அங்கே போனாலும் நாங்கள் கொடுத்த கடிதத்தையே எங்களுக்கு எதிராக எடுத்து வைப்பார்கள்.

சட்டத்தில் பாதுகாப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. வாங்குபவரும் விற்பவரும் உறவுடையவர்களாக இல்லாமல், விலை ஒன்றே பேரத்தின் அடிப்படையாக இருந்தால், உண்மையில் கொடுத்த விலைதான் மதிப்பு என்கிறது 14-ஆவது பிரிவு. அதை ஏற்க முடியாதபோது 2007-ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகள் வரிசையாக வழி காட்டுகின்றன: முதலில் அச்சு அசலாக அதே பொருள், பிறகு அதையொத்த பொருள். ஒப்பிடும் சரக்கு ஏறக்குறைய அதே காலத்தில், அதே அளவில், அதே வணிக நிலையில் வந்திருக்க வேண்டும். பல விலைகள் கிடைத்தால் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். வழக்கத்துக்கு மீறிய தள்ளுபடி சந்தேகத்துக்குக் காரணமாகலாம். அது மட்டுமே விலையைத் தள்ளிவிடப் போதாது. பழைய இருப்பாகக் கிடந்த பேரிங்குகளுக்குக் கிடைத்த பெரிய தள்ளுபடியை, ஐஷர் டிராக்டர்ஸ் வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இத்தனையும் இருந்தும் அதே மதிப்பீட்டு விதிகளின் 12(2) விதியில் ஒரு சொல் எங்களைக் கவிழ்க்கிறது. இறக்குமதியாளர் 'கோரினால்' காரணத்தை எழுத்தில் தர வேண்டுமாம். கோரலாம் என்பது பெரிய கம்பெனிகளின் வக்கீல்களுக்குத் தெரியும். வாழ்நாளில் ஒரே ஒரு இயந்திரம் வரவழைக்கும் குந்தா, மஞ்சூர்க்காரருக்கு யார் சொல்வது? மதிப்பீடு 2020 முதல் நாடு முழுக்க முகம் பாராமல் நடக்கிறது. நேரில் போய்க் கேட்கவும் ஆளில்லை, திரையில் வருகிற அந்த ஒரு வரிதான் எல்லாம்.

எங்கள் ஆலையில் மழை நாளில் ஈர இலைக்குக் கழிவு போட்டால், எத்தனை கிலோ, எதற்காக என்று எடைச்சீட்டில் எழுதித்தான் தருகிறோம். விவசாயி கேட்ட பிறகு எழுதுவதில்லை.

சோதனையே வேண்டாம் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். தேயிலைக்கு அடிப்படைச் சுங்கம் 100 சதவீதம். யாரோ ஒருவர் இறக்குமதித் தேயிலையில் கிலோவுக்கு ஒரு ரூபாயை மறைத்தால் அரசுக்கு அடிப்படைச் சுங்கத்தில் மட்டும் ஒரு ரூபாய் நட்டம், அந்த மலிவுத் தூள் சந்தையில் எங்கள் தூளோடு மோதுகிறது. அதன் அடி கடைசியில் பசுந்தேயிலை விலையில்தான் விழும். பொய் விலையை நீங்கள் பிடிக்க வேண்டும் என்று எங்களைவிட ஆசைப்படுகிறவர் யார்?

மதிப்பை வேறு விதத்திலும் நாங்கள் அறியாமலே ஏற்றிக்கொள்கிறோம். கப்பல் கூலிக்கு ரசீது இல்லையென்றால் எஃப்ஓபி விலையில், அதாவது கப்பலில் ஏற்றித் தரும்வரையான விலையில், 20 சதவீதமும், காப்பீட்டுக்கு 1.125 சதவீதமும் சேர்க்கப்படும். 10 லட்ச ரூபாய் இயந்திரம் 12,11,250 ரூபாயாகிவிடும். உண்மையான கூலி 60,000 ரூபாயாகவே இருந்திருக்கலாம். துறைமுகத்திலிருந்து பர்லியார் வழியாக மேலே ஏற்றும் லாரி வாடகையும், இங்கே வந்து பொருத்தித் தரும் கூலியும் மதிப்பில் சேராது. ஆனால் இன்வாய்ஸில் தனியாகப் பிரித்துக் காட்டியிருக்க வேண்டும். இதைத் தமிழில் இரண்டு பக்கக் கையேடாக நீங்கள் வெளியிட்டால் நீலகிரியின் ஒவ்வொரு தேயிலை ஆலையிலும் ஒட்டி வைப்போம்.

'கோரினால்' என்ற நிபந்தனையை நீக்க மத்திய அரசுக்குப் பரிந்துரை செய்யுங்கள். அதுவரை 151ஏ பிரிவின் கீழ் நீங்களே அறிவுறுத்தல் அனுப்பலாம்: விலையைச் சந்தேகித்து அனுப்பும் முதல் கேள்வியிலேயே ஒப்பிட்ட பொருளின் மாடல், அளவு, தேதி, விலை இருக்க வேண்டும், மற்ற இறக்குமதியாளரின் பெயர் எங்களுக்குத் தேவையில்லை. ஒப்புதல் கடிதம் வாங்கும் முன், பிணைப்பத்திரமும் பிணையும் கொடுத்து 18-ஆவது பிரிவின் கீழ் தற்காலிக மதிப்பீட்டில் சரக்கை எடுக்கலாம் என்பதையும், கையெழுத்திட்டால் விளக்க ஆணை வராது என்பதையும் இறக்குமதியாளருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
கோத்தகிரி வட்டாரத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் கணக்காளர்