பிடியரிசி கடன் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பகுதியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் மறைந்ததையொட்டி சென்ற இதழில் வந்த அஞ்சலிக் கட்டுரையைப் படித்தேன். ஏழைப் பிள்ளைகளை அவர் படிக்க வைத்ததையும், கோயிலுக்கு அள்ளிக் கொடுத்ததையும் எழுதியது நியாயம். ஆனால், இத்தனை நன்மை செய்தவருக்குப் பரலோகத்தில் இடம் இல்லாமல் போகுமா என்று கட்டுரையை முடித்திருந்தீர்கள். அந்தக் கடைசி வரி ஒரு வாரமாக மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நானும் கிறிஸ்தவ சபையில் பிறந்து வளர்ந்தவள்தான். ஏழு வயதில் ஓய்வுநாள் பள்ளியில் (சண்டே ஸ்கூல்) பைபிளின் எபேசியர் நிருபம் 2-ம் அதிகாரம் 8, 9 வசனங்களை ஒப்புவித்து ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கினேன். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல." அதாவது, இரட்சிப்பு நம் கிரியைகளுக்கு, நற்செயல்களுக்குக் கிடைக்கும் கூலி அல்ல, தேவன் சும்மா கொடுக்கும் பரிசு. அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது அம்மாவின் கடைசி நாட்களில்தான்.

அம்மா உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்துப் பிடியரிசிக் கலயத்தில் போடாமல் இருக்க மாட்டார்கள். ரேஷன் அரிசி ஒன்றுதான் வீட்டில் இருந்த மாதங்களிலும் அந்தப் பிடி குறைந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பையில் கட்டிக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். கடைசியில் மூன்று மாதம் படுக்கை. ஒருநாள் நடுராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, நான் படுத்த நாள்லருந்து பிடியரிசி போடலியே. அங்க கேட்டா என்ன சொல்ல?" என்றார்கள். விரலை மடக்கி மடக்கி நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். எழுபது வருஷம் கோயிலுக்குப் போனவர்களுக்கு இந்தப் பயத்தை யார் கொடுத்தது? நாங்கள்தான். என்னைப் போல ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்தியவர்கள்தான். நல்ல பிள்ளையாக இருந்தால்தான் ஏசப்பா ஏற்றுக்கொள்வார் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தோம்.

விளக்கைப் போட்டு அந்த வசனத்தை வாசித்தேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள். "அப்ப இத்தன வருஷம் போட்ட அரிசி?" என்று கேட்டார்கள். "அது கடனுக்குப் போட்டது இல்லம்மா. கடன சிலுவையிலயே அவர் அடைச்சாச்சு" என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப சரி. நாளைக்கு நீ ஒரு பிடி போட்டுரு. பயந்துக்கிட்டுப் போடாத, சும்மா போடு" என்று சொல்லிவிட்டுத் தூங்கினார்கள்.

நம் திருநெல்வேலிச் சபையின் ஆரம்பமே இப்படித்தானே இருந்தது! பாளையங்கோட்டையில் கிளாரிந்தா கட்டிய ஆலயத்தைப் பார்க்கிறவர்கள், எவ்வளவு பெரிய புண்ணியவதி என்பார்கள். அவர் ஒரு பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவருடன் மணமாகாமல் வாழ்ந்ததால் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபின், 1778-ல் கொடுத்தார். 1780-ல் எழுதிய சபைப் பட்டியலில் 40 பேர். முதல் பெயர் கிளாரிந்தா. ஆலயம் எழும்பியதோ 1785-ல். வருஷங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். கோயில் கட்டியதற்காக அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்த்துக்கொள்ளப்பட்டவர் கட்டினார்.

அப்படியானால் எதையும் செய்துவிட்டுக் கடைசியில் விசுவாசம் என்று சொன்னால் போதுமா என்று கேட்பார்கள். கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதியிருப்பதையும் எடுத்துக் காட்டுவார்கள். உண்மைதான், உயிருள்ள மரம் காய்க்கத்தான் செய்யும். காய்ப்பதால் அதற்கு உயிர் வருவதில்லை. எபேசியரில் அடுத்த வசனமே, நற்கிரியைகளைச் செய்வதற்காக நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்றுதான் சொல்கிறது. நாம் 9-ம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம். இந்த விஷயத்தில் கத்தோலிக்கருக்கும், மார்ட்டின் லூதர் வழிவந்த லுத்தரன்களுக்கும் நானூறு வருஷத்துக்கு மேல் இருந்த சண்டை தணிந்து, 1999 அக்டோபர் 31-ல் இரு தரப்பும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டதும் பலருக்குத் தெரிவதில்லை.

என்னோடு வேலை பார்த்த நாங்குநேரி ஐயங்கார் ஆசிரியை ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "எங்க தென்கலை வைணவத்துல பெருமாள் காப்பாத்துறதுக்குப் பூனைக்குட்டியச் சொல்லுவோம். குட்டி தாயப் பிடிக்காது, தாய்தான் கவ்விக்கிட்டுப் போகும்" என்றார். இரண்டு சமயமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நான் சொன்னது எங்கள் சபையார் பலரைவிட அவருக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு பனையேறி இருந்தார். குடிப்பார். கிறிஸ்துமஸுக்கும் அசன விருந்துக்கும் மட்டும் கோயில் பக்கம் வருவார். மரத்திலிருந்து விழுந்து படுக்கையில் கிடந்தபோது, ஜெபிக்க வந்தவர்களிடம், "இயேசு சொன்ன கதையில வரி வசூலிக்கிற அந்த ஆயக்காரன் சொன்னதுதான் எனக்கும். பாவியாகிய என்மேல் கிருபையாயிரும். வேற ஒண்ணும் எங்கிட்ட இல்ல" என்று அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். அவருடைய அடக்க ஆராதனையைப் பத்து நிமிஷத்தில் முடித்தார்கள். அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லையாம்! அதே மாதத்தில் வசதியான ஒருவருக்கு இரண்டு மணி நேரம் பாராட்டுரை. சுவிசேஷத்தைச் சொல்ல அந்தப் பனையேறியின் அடக்கத்தைவிட நல்ல இடம் எது? குருவானவர்கள் தயவுசெய்து இதை யோசிக்க வேண்டும்.

நீங்கள் அஞ்சலி எழுதிய பெரியவரை நானும் இரண்டு முறை பார்த்துப் பேசியிருக்கிறேன். எங்கள் கோயிலுக்கு அவர் வாங்கிக் கொடுத்த மின்விசிறிகளில் உபயம் என்று பெயர் எழுத வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னவர். கடைசியில் அவர் எதை நம்பிக்கொண்டிருந்தார் என்று வீட்டாரைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள். இனி இதுபோல எழுதும்போது அதையும் கேட்டு எழுதும்படி வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திசையன்விளை