சேலம் சூனிய வழக்குத் தொடர்: நெருப்பை விடுங்கள், நீதிமன்றத்தை வரையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்துகொண்டிருக்கும் 1692 சூனிய வழக்குச் சித்திரத் தொடரை வாரம் தவறாமல் படிக்கிறோம். வரலாற்றுச் சாகசக் கதைக்கு ஒரு தமிழ் நாளிதழ் முழுப்பக்கம் ஒதுக்குவது பெரிய விஷயம். கதை நடக்கும் அமெரிக்க ஊருக்கும் சேலம் என்றே பெயர் இருப்பதால் இங்கே சேலத்துப் பிள்ளைகள் பலர் இதை நம்மூரில் நடந்த கதை என்றே நினைக்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் முதல் கட்டத்தில் 'மாசசூசெட்ஸ், வட அமெரிக்கா' என்று போட்டால் அது தீர்ந்துவிடும். ஆனால் சென்ற வாரப் பக்கத்தை அப்படி விட்டுவிட முடியவில்லை. ஒரு பெண்ணைக் கம்பத்தில் கட்டி உயிரோடு எரிப்பதாக அரைப் பக்கத்துக்குப் படம் வந்திருக்கிறது. அந்தச் சேலத்தில் ஒருவர்கூட எரிக்கப்படவில்லை.

எரித்தது ஜெர்மனியிலும் பிரான்சிலும். மாசசூசெட்ஸ் அன்று ஆங்கிலேயர் குடியேற்றம். ஆங்கிலச் சட்டப்படி சூனியத்துக்குத் தண்டனை தூக்கு. 1692 ஜூன் 10 அன்று பிரிட்ஜெட் பிஷப், ஜூலை 19-ல் ஐந்து பேர், ஆகஸ்ட் 19-ல் ஐந்து பேர், செப்டம்பர் 22-ல் எட்டுப் பேர் என நான்கே நாட்களில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் ஐந்து பேர் ஆண்கள். இது போக ஒரு முதியவர் கல் ஏற்றிக் கொல்லப்பட்டார். குறைந்தது ஐந்து பேர் சிறையிலேயே இறந்தார்கள். தூக்கு நடந்த இடம் 'பிராக்டர்ஸ் லெட்ஜ்' என்னும் பாறை முகடு என்று 2016-ல் ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். அது நம் குமரகிரியைவிடத் தாழ்வானது. அங்கே சேர்வராயன் மலை உயரத்துக்குச் சிகரமும், அதன் உச்சியில் தச்சர் செய்த தூக்குமேடையும் வரைய வேண்டியதில்லை. மேடை இருந்ததற்குத் தடயம் கிடைக்கவில்லை. மரக்கிளையில்தான் தூக்கிலிட்டிருப்பார்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஒரு வண்டி, ஒரு ஏணி, ஒரு மரம், கீழே கூட்டம். ஓவியருக்கு அது போதும்.

இதைவிட எங்களை வருத்துவது மூன்றாம் வாரப் பக்கம். ஒரு கிழவியின் ஆவி புகைபோலச் சன்னல் வழியாக வந்து சிறுமியின் கழுத்தை நெரிப்பதை ஓவியர் தனிக் கட்டமாக வரைந்திருந்தார். அழகான படம்தான். ஆனால் சித்திரக்கதையில் கட்டத்துக்குள் வரைந்தது நடந்த சம்பவம் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். அந்த வழக்குகளின் உயிர்நாடியே இந்த ஆவிச் சாட்சியம்தான். ஒருத்தி தன் வீட்டு அடுப்படியில் நின்றிருப்பாள். அவளுடைய உரு மட்டும் சில மைல் தள்ளி வந்து தன்னைக் கிள்ளியது என்று ஒரு சிறுமி சொல்வாள். அதை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றது. 'நான் அங்கே இல்லவே இல்லை' என்று நிரூபித்தும் பயனில்லை. வந்தது உடம்பு இல்லையே! ஓவியர் அந்த ஆவியை வரைந்துவிட்டால் அவரும் சாட்சிக் கூண்டில் ஏறி அந்தக் கிழவிக்கு எதிராகச் சாட்சி சொன்னதாக ஆகிறது. பிறகு எத்தனை வாரம் அவள் நிரபராதி என்று எழுதினாலும் பிள்ளைகள் மனத்தில் படம்தான் நிற்கும்.

செய்யக்கூடியது இது. சிறுமி கை நீட்டும் கட்டம். அடுத்த கட்டத்தில் அவள் காட்டிய இடம் வெறுமையாக. அதற்கான காட்சி ஆவணத்திலேயே இருக்கிறது. 1692 மார்ச் 20, ஞாயிறு வழிபாடு. விருந்தினராக வந்த போதகர் டியோடட் லாசன் பிரசங்கம் செய்துகொண்டிருக்கிறார். 11 வயது அபிகெயில் வில்லியம்ஸ், மார்த்தா கோரி கூரை உத்திரத்தில் உட்கார்ந்து மஞ்சள் குருவிக்குப் பால் கொடுப்பதாகக் கத்துகிறாள். 12 வயது ஆன் புட்னம், ஆணியில் மாட்டியிருந்த போதகரின் தொப்பிமேல் மஞ்சள் குருவி இருக்கிறது என்கிறாள். ஆணியையும் தொப்பியையும் வரையுங்கள், குருவியை வரையாதீர்கள். அண்ணாந்து பார்க்கும் முப்பது முகங்களை வரையுங்கள். அந்தச் சபைக்கூடத்தில் சிலுவை, மெழுகுவர்த்தி, வண்ணக் கண்ணாடி எதுவும் கிடையாது. அங்கே வாழ்ந்த பியூரிட்டன்கள் என்னும் கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர் அவற்றையெல்லாம் விலக்கியவர்கள். வெறும் மரக் கட்டடம். போதகருக்கு வெள்ளை அங்கியும் இல்லை.

கதைத் திருப்பத்துக்குக் கற்பனை வில்லனும் தேவையில்லை. நீதிமன்றத்தின் நடைமுறையே வில்லன். குற்றத்தை ஒப்புக்கொண்டு இன்னும் நாலு பேர் பெயரைச் சொன்னவர்கள் உயிரோடு இருந்தார்கள். நான் சூனியக்காரி இல்லை என்று கடைசிவரை சொன்னவர்கள் தூக்கில் தொங்கினார்கள். சாமுவேல் வார்ட்வெல் முதலில் ஒப்புக்கொண்டார். பிறகு அது பொய் வாக்குமூலம் என்று மாற்றிச் சொன்னார். செப்டம்பர் 22-ல் தூக்கு. 71 வயது ரெபெக்கா நர்ஸை ஜூரிகள் முதலில் குற்றமற்றவர் என்றே அறிவித்தார்கள். சிறுமிகள் அலறினார்கள். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டோட்டன், அந்த அம்மாள் சொன்ன ஒரு வாக்கியத்தை மறுபடி யோசிக்கும்படி ஜூரிகளிடம் கேட்டார். அந்த வாக்கியத்துக்கு விளக்கம் கேட்டபோது, காது மந்தமான அவர் கேள்வியே காதில் விழாமல் பேசாமல் நின்றார். தீர்ப்பு மாறியது. இதற்கு இரண்டு முழுப் பக்கம் கொடுத்தாலும் தகும்.

ஜைல்ஸ் கோரியின் மரணம் அடுத்து வரும் என்று எதிர்பார்க்கிறோம். அதைத் தண்டனையாகக் காட்டிவிட வேண்டாம். 80 வயதைத் தொட்ட அவர் 'குற்றவாளி இல்லை' என்று மட்டும் சொன்னார். ஜூரி விசாரணைக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கும் சடங்கு வாசகத்தைச் சொல்ல மறுத்தார். அது இல்லாமல் வழக்கு நகராது. அந்தச் சம்மதத்தைப் பிழிந்தெடுக்கத்தான் அவரைத் தரையில் கிடத்தி, நெஞ்சின்மேல் பலகை வைத்து, கல்லின்மேல் கல்லாக ஏற்றினார்கள். செப்டம்பர் 19-ல் இறந்தார். மூன்று நாள் கழித்து அவர் மனைவி மார்த்தா தூக்கிலிடப்பட்டார். கோரி சொன்னதாகப் பரவியிருக்கும் வீர வசனத்தைப் போடாமல் விட்டாலே நல்லது. அவர் வாய் திறக்காததுதான் செய்தி.

சாகசம் எங்கே என்று கேட்கலாம். நிஜத்திலேயே தப்பியவர்கள் இருக்கிறார்கள். கப்பல் தலைவர் நத்தேனியல் கேரியின் மனைவி எலிசபெத்துக்குச் சிறையில் ஏறக்குறைய எட்டு பவுண்டு எடையுள்ள கால்விலங்கு போட்டார்கள். அதாவது மூன்றரைக் கிலோவுக்கு மேல். 1692 ஜூலை இறுதியில் கணவர் உதவியோடு தப்பி, ரோட் ஐலண்ட் வழியாக நியூயார்க் போய்ச் சேர்ந்தார். உங்கள் நாயகனை அந்த வழியில் அனுப்புங்கள். தூக்கிலிடப்பட்டவர்களில் ஒருவரான சாரா குட்டின் மகள் டோரதிக்கு நாலைந்து வயதுதான். அவளையும் சங்கிலியில் பிணைத்து மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். நாயகன் அவளை மீட்டதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அவளை யாரும் மீட்கவில்லை.

ஆயுதம் பற்றி ஒன்று. நாயகன் சுழல் துப்பாக்கியால் அடுத்தடுத்து ஆறு முறை சுடுகிறார். சாமுவேல் கோல்ட் என்ற அமெரிக்கர் அதற்குக் காப்புரிமை பெற்றது 1836-ல். 1692-ல் இருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. கிண்ணியில் கொஞ்சம் மருந்து போட்டு மூடி, குழாய் வாயில் மீதி மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டையும் அடைப்பையும் வைத்துக் கம்பியால் கிட்டித்து, பிறகுதான் குறி பார்க்க வேண்டும். கிண்ணி நனைந்தால் வெடிக்காது. சேர்வராயன் மலையில் நாட்டுத் துப்பாக்கி பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரு முறை சுட்டுவிட்டு மூன்று கட்டங்களுக்கு மருந்து கிட்டிக்கும் நாயகனைத் துரத்துபவர்கள் நெருங்கிவரட்டும். அந்தப் பதைபதைப்பு ஆறு குண்டில் வராது. தொப்பியில் கொக்கியும் வேண்டாம், அது பிற்காலக் கற்பனை. எல்லோருக்கும் கறுப்பு உடையும் வேண்டாம். நல்ல கறுப்புச் சாயம் விலை அதிகம். பழுப்பும் செம்பழுப்பும் கரும்பச்சையுமே அன்றாட உடை. நாளிதழ்த் தாளில் அவ்வளவு கறுப்பு மையை அப்பினால் பின்பக்கச் செய்தியிலும் தெரிகிறது.

பேச்சுக் குமிழிகளில் எழுத்து மிகச் சிறிதாக இருப்பதால் சுழிகள் மையில் அடைபட்டு, புள்ளிகள் காணாமல் போகின்றன. எழுத்தைப் பெரிதாக்க இடமில்லை என்றால் வசனத்தைக் குறையுங்கள். வரி பிரியும்போது புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தலையில் வராமல் பார்த்துக்கொள்ளவும்.

தொடர் முடியும் வாரத்தில் பின்கதைக்கு அரைப் பக்கம் ஒதுக்க வேண்டுகிறோம். ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் அந்த நீதிமன்றத்தை 1692 அக்டோபரில் நிறுத்தினார். நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சூவல் 1697-ல் சபை நடுவே எழுந்து நின்று தன் குற்றத்தை ஏற்றார். ஆன் புட்னம் 1706-ல் மன்னிப்புக் கேட்டாள். 1711-ல் 578 பவுண்டு 12 ஷில்லிங் இழப்பீடு வழங்கப்பட்டது. குற்றம் நீக்கப்பட்டவர்கள் பட்டியலில் எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் பெயர் மட்டும் விடுபட்டுக்கொண்டே வந்தது; அவர்மீதான குற்றத் தீர்ப்பு 2022-ல்தான் நீக்கப்பட்டது. ஒரு பள்ளி ஆசிரியையும் அவருடைய எட்டாம் வகுப்பு மாணவர்களும் அதற்காக மனுப் போட்டு அலைந்தார்கள். அந்த மாணவர்களுக்கும் ஒரு கட்டம் கொடுங்கள்.

இப்படிக்கு,
சித்திரக்கதை வாசகர்கள்,
அஸ்தம்பட்டி மற்றும் ஏற்காடு,
சேலம் மாவட்டம்.