ஐந்து மணிக்குப் பூட்டும் நூலகம் யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒக்ரோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம். பிரதேச சபைகளும் பாடசாலைகளும் பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, புத்தகக் கண்காட்சி என்று மும்முரமாகிவிடும். பிள்ளைகள் மேடையேறிப் பரிசு வாங்குவதைப் பார்க்க மனம் நிறைகிறது. ஆனால் மற்றப் பதினொரு மாதமும் என்ன நடக்கிறது என்று யாராவது பேசவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வயலுக்கும் கடலுக்கும் கூலிவேலைக்கும் போகிற, இலங்கையின் வடக்கே உள்ள எங்கள் வன்னிச் சனத்துக்குப் பொதுநூலகம் எட்டவில்லை. நேரமும் தூரமும் ஒரு கையெழுத்தும் குறுக்கே நிற்கின்றன.

முதலில் நேரம். எங்கள் பகுதி நூலகம் அலுவலகங்களோடு சேர்ந்து திறந்து, ஐந்து மணியளவில் பூட்டப்படுகிறது. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்பிள்ளைகள் பஸ்ஸால் இறங்கும்போது இருட்டத் தொடங்கிவிடும். உயர்தர மாணவர்கள் பள்ளி முடிந்து ரியூசனுக்கு ஓடி, அது விட்டு வரும்போது நூலகத்தில் பூட்டுத் தொங்குகிறது. வீட்டிலே ஒரே அறை, ஒரே மின்குமிழ், சின்னத் தம்பி தங்கச்சி என்றிருக்கும் பிள்ளைக்கு அமைதியான ஒரு மேசையும் கதிரையும் எவ்வளவு பெரிய உதவி என்பது அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். அது தேவைப்படுவது இரவு ஏழு மணிக்கு. காலை பத்து மணிக்கு அந்தப் பிள்ளை வகுப்பறையில் இருக்கிறது.

யுனெஸ்கோவும் சர்வதேச நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பும் 1994இல் வெளியிட்டு 2022இல் புதுப்பித்த பொதுநூலகப் பிரகடனம், திறந்திருக்கும் நேரம் பாவிப்போருக்கு வசதியாக இருக்கவேண்டும் என்று சொல்கிறது. நூலகத்துக்கு வரமுடியாதவர்களைத் தேடிச் சேவை போகவேண்டும் என்றும் அது கேட்கிறது. இதற்குப் பெரிய செலவில்லை. கிழமையில் இரண்டு நாள் காலையில் திறப்பதை விட்டு, மதியம் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டு வரை திறக்கலாம். வேலைநேரம் அதிகமாகாது. நூலகரும் உதவியாளரும் பெரும்பாலும் பெண்கள், அந்த நேரத்தில் பஸ் கிடையாது என்பது எனக்குத் தெரியும். அவர்களை வீட்டில் கொண்டுபோய் விடச் சபை வாகனம் ஒன்றை ஒழுங்கு செய்யவேண்டும். அந்த வசதியைச் செய்யாமல் நேரத்தை மட்டும் நீட்டச் சொன்னால் அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். குறைந்த ஆளணியோடு, தூசி தட்டுவதிலிருந்து பதிவேடு எழுதுவது வரை அவர்களே பார்க்கிறார்கள்.

அடுத்தது அந்தக் கையெழுத்து. புத்தகம் இரவல் எடுக்க அங்கத்துவம் வேண்டும். அங்கத்துவப் படிவத்தில் பிணையாளி ஒருவர் ஒப்பமிட வேண்டும். எங்கள் பகுதியில் அவர் ஆதனவரி கட்டுபவராகவோ அரச உத்தியோகத்தராகவோ இருக்கவேண்டும் என்கிறார்கள். புத்தகம் தொலைந்தால் பொறுப்புச் சொல்ல ஒருவர் வேண்டும் என்ற காரணம் விளங்குகிறது. ஆனால் இது வன்னி. 2008, 2009இல் இறுதிப் போரின்போது ஊர் ஊராக இடம்பெயர்ந்து, காணிப் பத்திரம், பிறப்புப் பதிவு எல்லாம் வழியிலே விட்டுவிட்டு, முகாமில் இருந்து திரும்பிய சனம். இன்றும் காணிக்கு உத்தரவுப்பத்திரம் இல்லாத குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களிடம் வரிப் பற்றுச்சீட்டு எங்கே இருக்கும்? உத்தியோகத்தர் ஒருவரின் வீட்டு வாசலில் போய் நின்று, பிள்ளைக்குக் கதைப் புத்தகம் எடுக்க ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்க அந்தத் தாய்மாருக்குக் கூச்சம். என் முன்பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் அம்மாக்கள் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழே போதும் என்று சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் இந்தத் தடை நீங்கிவிடும். சிறுவர் புத்தகத்துக்குப் பிணையே கேட்கக்கூடாது என்பது என் கருத்து. சில புத்தகங்கள் கிழிந்து வரும், சில திரும்பியே வராது. கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிப் புதிதாகவே வைத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

தூரம்தான் எல்லாவற்றிலும் பெரிய பிரச்சினை. முல்லைத்தீவு மாவட்டத்தின் பரப்பு 2,617 சதுர கிலோமீற்றர். 2012 குடிசன மதிப்பீட்டின்படி அங்கே வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 92,000 பேர். யாழ்ப்பாண மாவட்டத்தைவிட இரண்டரை மடங்கு நிலம், ஆனால் சனம் அதன் ஆறில் ஒரு பங்கு. இப்படிக் காடும் குளமும் வயலுமாக விரிந்த நிலத்தில் சந்திக்குச் சந்தி கட்டடம் கட்டி நூலகம் நடத்த எந்தச் சபையாலும் முடியாது. வவுனியா வடக்கின் நெடுங்கேணிக்கும், முல்லைத்தீவின் ஒட்டுசுட்டானுக்கும் மல்லாவிக்கும் அப்பால் உள்ளே இருக்கும் கிராமங்களுக்குப் புத்தகம்தான் போகவேண்டும். 1931இலேயே தமிழ்நாட்டு மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். எங்களுக்குப் பட்டா என்கிற சின்ன லொறி ஒன்று போதும்.

எங்கள் உறவுகள் ஆயிரக்கணக்கில் வாழும் கனடாவின் ரொறன்ரோ நகரப் பொதுநூலகத்துக்கு 100 கிளைகள். அத்தனை கிளைகள் இருந்தும் நடமாடும் நூலக வாகனத்தை அவர்கள் கைவிடவில்லை. தமிழ்ப் புத்தகங்களும் இரவல் கொடுக்கிறார்கள். 2022இல் தாமதக் கட்டணத்தை நீக்கிவிட்டார்கள், ஏனென்றால் அந்தக் காசுக்குப் பயந்து நூலகத்தை விட்டு ஒதுங்கியவர்கள் பெரும்பாலும் வசதி குறைந்தவர்கள். நூலக அட்டை இருந்தால் அருங்காட்சியகத்துக்கு இலவச அனுமதி பெறவும் வழி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பணம் எங்களிடம் இல்லை என்பது உண்மை. ஆனால் வராதவர் ஏன் வரவில்லை என்று தேடிப்பார்க்கும் மனம் இருந்தால், நான் கேட்பவற்றில் பாதி தானாக நடக்கும்.

வாகனம் வாங்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கோடையில் தண்ணீர் பவுசர் போகும் கிராமங்களின் பட்டியல் சபைகளிடம் இருக்கிறது. அதே கிராமங்களுக்கு மாதம் ஒரு முறை ஒரு தகரப்பெட்டியில் ஐம்பது புத்தகங்கள் போகட்டும். சனசமூக நிலையத்திலோ, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ, முன்பள்ளியிலோ பெட்டியை வைத்து, அடுத்த மாதம் பக்கத்துக் கிராமப் பெட்டியோடு மாற்றலாம். சிறுவர் கதைகள் பாதி, கடந்தகால வினாத்தாள் தொகுப்புகள் கொஞ்சம், விவசாயமும் வீட்டுத்தோட்டமும் பற்றிய நூல்கள், நாவல்கள். வயதானவர்களுக்காகப் பெரிய எழுத்தில் ஒன்றிரண்டு.

நூலகத்திலே ஒரு கணனியும் இணைய இணைப்பும் இருந்தால், 2005இலிருந்து இயங்கும் ‘நூலகம்’ என்ற பெயருடைய நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தைச் சனம் இலவசமாகப் பார்க்கலாம். போருக்குள் எங்கள் வாசிகசாலைகளோடும் வீட்டு அலுமாரிகளோடும் போன நூல்களில், சஞ்சிகைகளில், ஊர்க் கோயில் மலர்களில் எதுவாவது அங்கே அகப்படக்கூடும். உழவு இயந்திரப் பெட்டியில் கூரைத்தகரமும் நெல்மூட்டையும் ஏற்றிய அன்று புத்தகத்துக்கு இடமிருக்கவில்லை. யாழ்ப்பாண நூலகம் 1981இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்ததை ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம், அது வேண்டும். வன்னியில் இழந்தவற்றுக்கோ எனக்குத் தெரிய ஒரு பட்டியல்கூட இல்லை. ஊர்ப் பெரியவர்களை அழைத்து, எந்த ஊரில் எந்த வாசிகசாலை இருந்தது, என்ன பத்திரிகை வந்தது என்று கேட்டுப் பதிவு செய்வதையும் எங்கள் நூலகங்கள் கையில் எடுக்கவேண்டும். அந்தத் தலைமுறை இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை அது.

2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தபின் இரண்டு வருடங்களுக்கு மேல் சபைகளில் மக்கள் பிரதிநிதிகள் இருக்கவில்லை. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு தவிசாளர்களும் உறுப்பினர்களும் வந்திருக்கிறார்கள். வருட முடிவில் அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத்திட்டம் சபைக்கு வரும்போது, நூலகத்துக்கென்று ஒதுக்கும் தொகையில் கட்டடத் திருத்தமும் பெயின்ரும் மட்டும் இருக்கக்கூடாது. மாலைநேரத் திறப்பு, கிராமப் பெட்டி, பிணை இல்லாத சிறுவர் அங்கத்துவம் மூன்றுக்கும் தனித்தனியாக நிதி குறித்து, சபைக் கூட்டத்தில் பகிரங்கமாக விவாதிக்கும்படி எல்லா உறுப்பினர்களையும் கட்சி பாராமல் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது பெட்டியைப் பொறுப்பெடுக்க எங்கள் முன்பள்ளி ஆயத்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே திறந்து, வருகிற பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுவேன். இதற்குக் கொடுப்பனவு எதுவும் வேண்டாம். புத்தகங்களை அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
முன்பள்ளி ஆசிரியை ஒருவர்,
வன்னி.