துணைப் பயிற்சியாளருக்கும் ஒரு வரி

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (அமெரிக்கன் ஃபுட்பால்) பயிற்சியாளர்கள் பற்றிய தங்கள் கட்டுரையில் பாபி பவுடனைப் பாராட்டியது பொருத்தமே. ஆனால், 1984 முதல் 2009 வரை ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில், பவுடன் தலைமைப் பயிற்சியாளராக இருந்த அணியின் தற்காப்பு ஆட்டத்தை வகுத்த துணைப் பயிற்சியாளர் மிக்கி ஆண்ட்ரூஸ் பெயர் எங்குமே இல்லை. அலபாமா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது கால்பந்து, பேஸ்பால் இரண்டிலும் முத்திரை பதித்தவர் அவர். தலைமைப் பயிற்சியாளராகவும் இருந்து பார்த்துவிட்டுத்தான் துணைப் பொறுப்புக்கு வந்தார் (நம்மில் எத்தனை பேர் இப்படி இறங்கி வருவோம்?). சிறந்த துணைப் பயிற்சியாளருக்கான பிராயில்ஸ் விருது 1996இல் தொடங்கியபோது முதலில் பெற்றவரும் அவரே. ஃபுளோரிடா மாநில அணி வென்ற 1993, 1999 தேசியப் பட்டங்களில் அவர் பங்கு சிறிதன்று.

அப்பல்கலைக்கழகம் உள்ள டல்லஹாசி நகரில் நான் படித்த காலத்தில், எதிரணி திணறும்போதெல்லாம் அரங்கில் நாங்கள் முழங்கியது பவுடன் பெயரைத்தான். வெற்றிச் செய்திகளில் துணைப் பயிற்சியாளர் பெயரையும் தங்கள் நாளிதழ் சேர்த்து வெளியிடலாம்.

- வாசகர், கோவை