கூடாரத் தளம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

'உங்கள் பொருள்களுக்கு நீங்களே பொறுப்பு' என்று பலகை வைத்திருக்கிறீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் பொருளைப் பத்திரமாக வைக்க இடம் எங்கே? டென்டுக்குக் கதவா இருக்கிறது, வெறும் ஜிப்தானே? அதில் குட்டிப் பூட்டு ஒன்றை மாட்டினால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று நாமே தண்டோரா போட்டது போல. துணியைக் கிழிக்க ஒரு பிளேடு போதும். பொருளும் போகும், கூடாரமும் பாழாகும்.

காவலரை இரவில் மட்டும் சுற்றவிடுவது அரைக் காவல். காலையில் எல்லாரும் மலையேறவோ குளிக்கவோ கிளம்பிய பிறகுதான் தளம் காலியாகக் கிடக்கிறது. அந்த நேரத்தில் ஒருவர் பையோடு வெளியே போனால் யார் கேட்பார்கள்? அங்கே எல்லாருமே பையோடுதான் நடமாடுகிறார்கள்.

அப்புறம் சார்ஜ் போடும் இடம். கழிப்பறைச் சுவரில் நாலு பிளக், அதில் வரிசையாகத் தொங்கும் போன்கள், பவர் பேங்குகள். சார்ஜ் ஏறும்வரை யாரும் காவல் நிற்க முடியாது. உள்ளேயே பிளக் வைத்த சின்ன லாக்கர்களும் பூட்டு மாட்ட ஒரு கொண்டியும் போதும், பூட்டை நாங்களே கொண்டுவருகிறோம். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், கரடி சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க கூடாரத் தளங்களில் இரும்புப் பெட்டிகளே வைத்திருக்கிறார்கள். கரடிக்கே பெட்டி வைக்கிறார்கள், மனிதத் திருடனுக்கு வெறும் பலகையா?

இரவெல்லாம் கண்ணைக் கூசும் விளக்கு வேண்டாம். நட்சத்திரம் பார்க்க வந்தவர்களுக்குத் தொல்லை, போதாததற்கு வெளிச்சத்தைத் தாண்டிய இருட்டு இன்னும் கருப்பாகிவிடும். பாதையிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் ஆள் நடந்தால் எரியும் சென்சார் விளக்கு போதும்.

எங்கள் பக்கமும் வேலை இருக்கிறது. அதை முன்பதிவுச் செய்தியிலேயே நினைவூட்டுங்கள். லேப்டாப்பை டிக்கியில் வைப்பதானால் கிளம்பும் இடத்திலேயே வைக்க வேண்டும். வந்து இறங்கி, நாலு பேர் பார்க்க வைத்தால் மறைத்ததாகவே ஆகாது. போனில் *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை, தனியாக எழுதி வைத்துக்கொள்ளலாம். புகார் கொடுக்கவும் தொலைந்த போனை முடக்கவும் அது கேட்கப்படும். பொருள் எங்கே இருக்கிறது என்று போனில் காட்ட அதோடு மாட்டிவைக்கும் புளூடூத் டேக்கை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. பக்கத்தில் வேறு போன் இருந்தால்தான் அது இருக்குமிடம் நமக்குத் தெரியும், ஆளில்லாத காட்டில் பயனில்லை.

கடைசியாக ஒன்று. திருட்டு நடந்தால் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைக்காதீர்கள். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன போனது என்று ஒரு நோட்டில் எழுதி அலுவலக மேசையில் வையுங்கள். அன்று மாலை வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, எங்கே கூடாரம் போடுவது என்று முடிவு செய்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தளங்களில் அடிக்கடி கூடாரம் போடும் ஒருவன்