வரி வாங்குறப்ப பாக்காத மதத்த சாதி சான்றிதழ்ல மட்டும் ஏன் பாக்கணும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் ரெண்டு தீர்ப்பு குடுத்துச்சு. தனித்தனி செய்தியா வந்துட்டு போயிடுச்சு, ஆனா ரெண்டையும் பக்கத்துல வச்சு பாக்கணும்.

ஒண்ணு வரி பத்தினது. அரசு உதவி பெறும் ஸ்கூல்ல டீச்சரா இருக்குற சிஸ்டருங்க, ஃபாதருங்க சம்பளத்துல டிடிஎஸ், அதாவது சம்பளம் குடுக்குறப்பவே வருமான வரி, பிடிக்கலாம்னு சொல்லி 93 அப்பீலையும் தள்ளுபடி பண்ணிட்டாங்க. அவங்க சொந்தமா எதுவும் வச்சுக்க மாட்டோம்னு ஏழ்மை வார்த்தைப்பாடு குடுத்தவங்க, சம்பளம் முழுசும் அவங்க துறவற சபைக்கு போயிடுது, இதுக்கு வரி வேண்டாம்னு 1944லேயே சர்க்குலர் இருக்குன்னு எங்க தரப்புல வாதாடுனாங்க. சம்பளம் உங்க பேர்லதான வருது, அப்புறம் அத யாருக்கு குடுத்தா என்னன்னு கோர்ட் கேட்டுச்சு. பூசை முடிஞ்சு வெளிய வந்தா இது கிறிஸ்தவங்க மேல நடக்குற தாக்குதல்னு பேசிக்கிறாங்க. நானும் ஆர்சி (ரோமன் கத்தோலிக்கன்) தான், எனக்கு அப்படி தோணல. வரி கட்டலாமா கூடாதான்னு கேட்டவங்ககிட்டதான் சீசருக்கு உரியத சீசருக்கு குடுங்கன்னு ஆண்டவர் சொன்னாரு. இந்து வாத்தியாருக்கு பிடிக்கிறத சிஸ்டருக்கும் பிடிக்கட்டும், மதச்சார்பில்லாத அரசுன்னா அதான.

இன்னொண்ணு புதுச்சேரி கேஸ். கிளர்க் வேலைக்கு எஸ்சி சான்றிதழ் கேட்ட ஒரு பொண்ணுக்கு, ஞானஸ்நானம் வாங்கி சர்ச்சுக்கு போறவங்கன்னு சொல்லி தர முடியாதுன்னுட்டாங்க, சலுகைக்காக இந்துன்னு சொல்றது மோசடின்னும் கோர்ட் சொல்லிடுச்சு. கோர்ட்ட குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, யாரு எஸ்சின்னு சொல்ற 1950 ஜனாதிபதி உத்தரவு அப்படி இருக்கு. அதுல மொதல்ல இந்துக்கள் மட்டும்தான், 1956ல சீக்கியர சேத்தாங்க, 1990ல பௌத்தர சேத்தாங்க, கிறிஸ்தவனையும் முஸ்லிமையும் இன்னிக்கு வரைக்கும் சேக்கல.

எங்க பக்கம் ஒரே காலனியில அண்ணன் மாரியம்மனுக்கு கூழ் ஊத்துறாரு, தம்பி வீட்டு வாசல்ல மாதா படம். இ-சேவை மையத்துல அண்ணன் புள்ளைக்கு எஸ்சின்னு வருது, தம்பி புள்ளைக்கு பிசின்னு வருது. ஊர்க்காரன் ரெண்டு பேரையும் ஒரே மாதிரி காலனிக்காரன்னுதான் கூப்புடுறான், அடிச்சாலும் ஒரே அடிதான், ஆனா தம்பி போய் புகார் குடுத்தா வன்கொடுமை சட்டம் அவனுக்கு கெடையாது. கிறிஸ்தவத்துல சாதி இல்லைன்னு பதில் சொல்றாங்களே, எத்தன ஊர்ல எங்க கல்லறையில தலித்துக்கு தனி எடம்னு வந்து பாக்கட்டும், அதுக்கு சபை வெக்கப்படணும், அத மாத்த வேண்டியதும் சபைதான். ஆனா அத சாக்கா வச்சு அரசாங்கம் கைகழுவ முடியாது.

2007ல மத்திய அரசு போட்ட ரங்கநாத் மிஸ்ரா கமிஷனே இந்த மதத்தடைய எடுக்க சொல்லிடுச்சு. 2023 ஏப்ரல்ல தமிழ்நாடு சட்டசபை தலித் கிறிஸ்தவங்களையும் எஸ்சில சேக்க சொல்லி தீர்மானம் போட்டுச்சு. 2022லயே மத்திய அரசு இத ஆராய பாலகிருஷ்ணன் கமிஷன் வேற போட்டு அதுக்கும் காலக்கெடுவ நீட்டிச்சாங்க. கடலூர் எம்பியும் புதுச்சேரி எம்பியும் பார்லிமெண்ட்ல இத கேக்கணும், வரி தீர்ப்புக்கு கூட்டம் போட்ட எங்க ஆளுங்களும் இதுக்கு ஒரு கூட்டம் போடணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கடலூர் முதுநகர்